முற்றத்து அறிவியல்

கோலாலம்பூரில் நண்பகல் எத்தனை மணிக்கு என்று ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கேட்டால், பன்னிரண்டு மணிக்கு என்று தயங்காமல் விடை வரும். அவ்விடைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஏதேனுமொரு பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள கழியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வந்தால், பன்னிரண்டு மணிக்கு அந்நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருப்பது கண்கூடாகத் தெரியும். நிழல் மிகக் குறுகும் நேரம் சராசரியாகப் பிற்பகல் 1.13 அளவில்தான் வருகிறது. பிப்ரவரி நடுவில் அது 1.27 வரை பிந்தும். நவம்பர்த் தொடக்கத்தில் 12.57 அளவுக்கு முந்தும். கழி பொய் சொல்வதில்லை. கடிகாரந்தான் கதிரவனை முந்திக்கொண்டு ஓடுகிறது.

அதற்குரிய காரணம் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கக் கூடியதே. மலேசியக் கடிகாரம் காட்டுவது கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்குரிய நேரத்தை. அந்தக் கோடோ போர்னியோ தீவையும் தாண்டிக் கிழக்கே செல்கிறது. கோலாலம்பூர் இருப்பது 101.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் பிடிக்கும். எனவே 18.3 பாகை வேறுபாட்டிற்கு ஏறக்குறைய 73 நிமிடம். 1981ஆம் ஆண்டின் இறுதி வரை தீபகற்பத்தின் கடிகாரம் இப்போதைய நேரத்திற்கு அரை மணி பின்தங்கியே இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டுமென்று 1982 ஜனவரி முதல் நாளன்று அது முன்னே தள்ளப்பட்டது. இருட்டோடு எழுந்து, இருட்டோடு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் பிள்ளை, ‘ஏன் அம்மா இன்னும் விடியவில்லை?’ என்று கேட்கும் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இதே கழியைக் கிள்ளானில் நட்டால், பிரிக்பீல்ட்ஸைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் பிந்தி நிழல் குறுகும். இரண்டு பள்ளிகள் ஒரே நாளில் அளந்து கடிதத்தில் பரிமாறிக்கொள்ளத்தக்க பாடம் இது.

கழி கற்பிப்பது இத்துடன் முடியவில்லை. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், மார்ச் இறுதியில் ஒரு முறையும் செப்டம்பர் நடுவில் ஒரு முறையும் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான்; அப்போது கழியின் நிழல் அதன் காலடியிலேயே மறைகிறது. ஜூன் 21 அன்று உச்சிப்பொழுதின் நிழல் தெற்கு நோக்கி விழும். அதன் நீளம் 37 சென்டிமீட்டர். டிசம்பர் 22 அன்று வடக்கு நோக்கி விழும். நீளம் 50 சென்டிமீட்டர். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதை வண்ணப்படம் காட்டி நம்பச் சொல்ல வேண்டியதில்லை. நிழல் வடக்கிலிருந்து தெற்கிற்குப் பக்கம் மாறுவதைத் தன் கையால் சுண்ணாம்புக் கோடிட்டுக் குறித்த பிள்ளைக்கு அச்சின் சாய்வு ஆயுளுக்கும் மறவாது. இதற்கு ஆகும் செலவு ஒரு கழியும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும்.

இத்தனை எளிய பாடம் ஏன் நடப்பதில்லை? இதற்குப் பொறுப்பாளிகள் இரண்டு கூட்டத்தார். தமிழில் அறிவியல் இயலாது என்பார் ஒரு கூட்டத்தார். தமிழில் அறிவியல் அனைத்தும் என்றோ முடிந்துவிட்டது என்பார் மற்றொரு கூட்டத்தார். மேடையில் இவ்விருவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பர். பிள்ளையின் கேள்வியை அடைத்துவிடுவதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

முதற்கூட்டத்தாரின் கட்சியை முதலில் பார்ப்போர், அதை இழித்துரைக்காமல் பார்ப்பதே நேர்மை. இடைநிலைப் பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், வேலைக்குப் போனாலும் ஆங்கிலம். அவ்வாறிருக்க, ஆறு ஆண்டுகள் மட்டும் தமிழில் அறிவியல் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர் பிள்ளையின் நலம் விரும்பாதவர் அல்லர். 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டிலிருந்து தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது, அதை வரவேற்ற தமிழ்ப் பெற்றோர் பலர். அத்திட்டம் 2012 முதல் கைவிடப்படும் என்று 2009இல் அரசாங்கமே அறிவித்தது. பின்னர் 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அதே கதவு மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பு, மொழி மாறி மொழி மாறி நின்று, பாடத்தைவிடப் பாடமொழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலம் வேண்டும், அதை மறுப்பார் இங்கு எவரும் இலர். ஆனால் ஆங்கிலப் பாடத்தில் ஆங்கிலம் கற்பது வேறு, மழையைப் பற்றிய கேள்விக்கு ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தெரிந்தால் மட்டுமே விடை உண்டு என்பது வேறு. ஏழு வயதில் கேள்வி பிறப்பது வீட்டு மொழியில். அதற்கு விடை வேற்று மொழியில் மட்டுமே கிடைக்கும் என்றால், பிள்ளை இரண்டில் ஒன்றைச் செய்யும்: விடையை மனப்பாடம் செய்யும், அல்லது கேள்வி கேட்பதை விட்டுவிடும். பெரும்பாலும் இரண்டையும் செய்யும். அடர்த்தி என்னும் கருத்தைத் தமிழில் உணர்ந்த பிள்ளைக்கு, பதின்மூன்று வயதில் அதன் மலாய்ப் பெயரும் பதினெட்டு வயதில் அதன் ஆங்கிலப் பெயரும் புதிய சொற்கள் மட்டுமே. கருத்தை உணராமல் ஆங்கிலப் பெயரை முதலில் கற்ற பிள்ளைக்கோ அது என்றும் ஒரு பெயர்தான்.

தமிழில் சொற்கள் இல்லை என்பது இக்கூட்டத்தாரின் அடுத்த வாதம். அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அமர்ந்து தமிழ் கற்று, 1860களில் தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். உடற்கூற்றியல் நூலைத் தமிழில் ஆக்கினார். வேற்று நாட்டு வெள்ளையர் ஒருவருக்குக் கிடைத்த சொற்கள், தமிழ்த் தாயின் மடியில் தவழ்ந்தவருக்குக் கிடைக்கவில்லையாம்! இராஜாஜி வேதியியலை எழுதிய நூலுக்குத் ‘திண்ணை இரசாயனம்’ என்று பெயரிட்டார். பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. சொற்களுக்குப் பஞ்சம் என்று இதற்கு மேலும் வாதிடுவோர், அத்தொகுதிகளைத் திறந்து பாராதவராகவே இருத்தல் வேண்டும்.

ஆனால் ஓர் உண்மையை இங்கு மறைக்கலாகாது. கிறீன் எழுதியது யாழ்ப்பாணத்து மாணவர்க்கு. தூரனின் தொகுதிகள் தமிழகத்து வாசகர்க்கு. மலேசிய மண்ணின் அறிவியலை மலேசியத் தமிழர்க்குத் தமிழில் சொன்னவர் எத்தனை பேர்? இந்தக் கேள்வியின் கனத்தை அறிய வேண்டுமானால், இரப்பர்த் தோட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும்.

இன்று அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கும் கிள்ளான், சுபாங், சுங்கை பூலோ வட்டாரங்கள் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாக இருந்தவை. அங்கே மூன்று தலைமுறைத் தமிழர், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினர். ஏன் விடியுமுன்? வெயில் ஏறிய பின் வெட்டினால் துரை ஏசுவார் என்பது லயத்தில் கிடைத்த விடை. மரம் சொல்லும் விடை வேறு. இரவில் இலைகள் நீரை ஆவியாக விடுவது குறைவு. ஆதலால் பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் நீரேறி விம்மி நிற்கின்றன. வைகறையில் அவற்றின் உள்ளழுத்தம் மிகுதி. அப்போது உளி பட்டால் பால் பீறிட்டு மங்கிற்கு வழிகிறது. வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கிறது, அழுத்தம் தளர்கிறது, பால் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் இந்த அறிவியலின் மேலேயே காலூன்றி நடந்த மனிதர்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

பால் நிறுக்கும் இடத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. வாளியில் உள்ள பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே இரப்பர்; எஞ்சியது பெரும்பாலும் நீர். கூலியோ உலர்ந்த இரப்பரின் எடையைப் பொறுத்தது. அதை அறிய, கிராணி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுவார். அதன் பெயர் மெட்ரோலாக். இரப்பர் நீரினும் இலேசானது. ஆகவே இரப்பர் மிகுந்த பாலின் அடர்த்தி குறைவு. அதில் குழாய் ஆழமாக அமிழும். இரப்பர் குறைந்த பாலில் குழாய் மேலே நிற்கும். குழாயின் கழுத்தில் உள்ள கோட்டைக் கிராணி படிப்பார். எண்ணைப் புத்தகத்தில் குறிப்பார். அந்த எண்ணே அன்றைய சோறு. அவ்வெண் சரியா என்று கேட்க வேண்டுமானால், அடர்த்தி என்றால் என்ன, குழாய் ஏன் அமிழ்கிறது, பாலின் வெப்பம் மாறினால் அளவும் ஏன் மாறுகிறது என்பன தெரிந்திருக்க வேண்டும். குழாய் காட்டுவது தோராய அளவே. சிறிதளவு பாலை உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே திண்ணமான முறை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத காரணத்தால், நியாயமாக அளந்த கிராணியையும் ஐயுற்றனர். அநியாயமாக அளந்தவனை எதிர்த்துப் பேச வகையறியாது தலைகுனிந்தும் நின்றனர்.

இரப்பர் ஆய்வுக் கழகம் 1925 முதல் இந்த நாட்டில் இயங்கியது. அதன் ஆய்வு நிலையம் சுங்கை பூலோவில், தமிழர் வெட்டிய மரங்களுக்கு நடுவிலேயே இருந்தது. ஆய்வு முடிவுகள் தோட்ட நிர்வாகிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலோ, அதே மரத்தடியில், பிள்ளைகள் பொருள் விளங்காத வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தனர். அறிவியலுக்குத் தமிழ் வேண்டாம் என்போர், அந்தக் கண்ணாடிக் குழாயின் முன்னே கைகட்டி நின்றவரின் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

அளவை பற்றிய அறிவு தமிழ் வீடுகளில் இல்லாமலும் இல்லை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடைப் படியேறும் எந்தத் தாய்க்கும் ‘916’ என்றால் என்னவென்று தெரியும். பவுனுக்கு எட்டுக் கிராம் என்பதும் தெரியும். இருபத்திரண்டை இருபத்து நான்கால் வகுத்தால் 0.916 வருகிறது என்பதை ஆசிரியர் இந்த வாசல் வழியாகக் கற்பித்தால், விழுக்காடு என்பது வகுப்பறையை அச்சுறுத்தும் பூதமாக இராது. 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி திறந்தபின், கட்டியும் தாகிலும் படிப்படியாகத் தராசைவிட்டு இறங்கின. ஆயினும் முதியோர் நாவில் கட்டி இன்னும் உண்டு. ஒரு கட்டி என்பது 605 கிராம் அளவு என்று பாட்டியிடம் கேட்டறிந்து வரச் சொல்வதும் ஒரு வீட்டுப்பாடந்தானே.

இனி இரண்டாங் கூட்டத்தாரிடம் வருவோம். இவர்கள் தமிழுக்கு விழாவெடுப்பவர்கள். ஆகவே இவர்களைக் குறை கூறுவது தமிழையே குறை கூறுவதாகக் கருதப்பட்டுவிடுகிறது. அணுவும் தெரியும், ஆகாய விமானமும் தெரியும், ஒவ்வொரு சடங்கிற்குள்ளும் ஓர் அறிவியல் ஒளிந்திருக்கிறது என்று இவர்கள் முழங்குவர். முழக்கத்தின் பின் அளந்து பார்த்தவர் எவர் என்று கேட்டால் விடை இராது.

நாட்காட்டியில் அச்சிட்ட இராகு காலத்தையே எடுத்துக்கொள்க. திங்கட்கிழமை 7.30 முதல் 9.00 வரை என்று அதில் இருக்கும். பகற்பொழுதை எட்டாகப் பகுத்து அதன் இரண்டாம் பகுதியைத் திங்களுக்கு வைத்தது அந்தக் கணக்கு. ஆறு மணிக்குக் கதிரவன் எழும் ஊருக்கே அது பொருந்தும். கோலாலம்பூரில் கதிரவன் எழுவது ஏழு மணியை ஒட்டியும், சில மாதங்களில் ஏழரையை நெருங்கியும் ஆகும். அந்தக் கணக்கை நம்புவோருக்கும், அதன் விதிப்படியே பார்த்தால், இங்கு அப்பகுதி எட்டரை மணிக்கு மேல்தான் தொடங்க வேண்டும். சில பஞ்சாங்கங்கள் இதைத் திருத்தித் தருவதுண்டு. பெரும்பாலோர் பாராமலே தமிழகத்து நேரத்தைக் கிள்ளானில் கடைப்பிடிக்கின்றனர். முன்னோர் கதிரவனைப் பார்த்தனர். முன்னோர் பெருமை பேசுவோர் தாளைப் பார்க்கின்றனர். நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று வகுத்தவர்களின் வழித்தோன்றல்கள், கோலாலம்பூரின் கடிகாரம் கதிரவனைவிட ஏறக்குறைய மூன்று நாழிகை முந்தியிருப்பதை அறியாமலிருப்பதா மரபு?

பருவங்களைப் பற்றிய பேச்சிலும் இதே குறை. ஆங்கிலப் பாடநூல் பனிமழையையும் இலையுதிர் காலத்தையும் காட்டுகிறது என்று சினங்கொள்ளும் அறிஞர், ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சிலாங்கூரில் ஆடி மாதத்தில் அம்மி அசைவதேயில்லை. ஜூன், ஜூலை இங்கு மழை குறைந்த மாதங்கள், சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீயால் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலமாகிய ஏப்ரலும், அக்டோபர், நவம்பரும் மழை மிகுந்தவை. காலை வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் ஈரக்காற்று எழும்புகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மாலை நான்கு மணிக்கு இடி முழங்குகிறது. உலகில் இடி மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று இது. இதை விளக்கப் பழமொழி உதவாது. பழமொழி பழமொழிப் பாடத்தில் இருக்கட்டும்.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. 2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழைக்கு நிகரான மழை ஒரு நாள் அளவில் கொட்டித் தீர்த்தது. கிள்ளான் ஆற்றோரத்துத் தாழ்நிலமாகிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கூரை நனையும் அளவுக்கு மூழ்கியது. தமிழர் உட்பட எண்ணற்ற குடும்பத்தினர் மேல்மாடிகளில் உதவிக்குக் காத்துக்கிடந்தனர். மழை இத்தனை மில்லிமீட்டர் என்று வானிலைச் செய்தி சொல்லும்போது, அந்த எண் கேட்பவர் காதில் என்னவாக விழுகிறது? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர்க் கூரையின் மேல் நூறு மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். அதாவது பத்து டன். ஒரு தாமானில் எத்தனை கூரைகள், எத்தனை சிமெண்டு முற்றங்கள், அவ்வளவும் எந்தக் கால்வாய் வழியே எந்த ஆற்றுக்குப் போக வேண்டும், அவ்வேளை கடலில் ஏற்றம் இருந்தால் ஆற்றுநீர் எங்கே போகும் என்று பிள்ளை கணக்கிடட்டும். நேர்ப்பக்கமுள்ள ஒரு பால்மாவுத் தகரத்தை வெளியில் வைத்து, அளவுகோலால் நாள்தோறும் மழையை அளந்து எழுதிய பிள்ளையின் வீட்டில், எச்சரிக்கை வரும்போது அதைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது இருப்பார்.

பரிணாமம் என்றதும் இரண்டாங் கூட்டத்தார் நகைக்கின்றனர். குரங்கிலிருந்து மனிதன் வந்தானாம், அப்படியானால் இன்றைய குரங்கு ஏன் மாறவில்லை என்று கேட்டுக் கைதட்டல் பெறுகின்றனர். இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் கூறவில்லை. இருவர்க்கும் பொதுவான மூதாதை உண்டு என்பதே கொள்கை. பெரியப்பா பிள்ளை இருக்கிறான் என்பதற்காக ஒருவன் தன் பாட்டனை மறுப்பதில்லை. இது மேலை நாட்டுச் சரக்கு என்பதும் முழு உண்மையன்று. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் மலாக்காவில் பூச்சிகளும் பறவைகளும் திரட்டினார். 1855இல் சரவாக்கில் அமர்ந்து, ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய முன்னினத்தை ஒட்டியே தோன்றுகிறது என்ற கட்டுரையை எழுதினார். 1858இல் இதே தீவுக்கூட்டத்திலிருந்து அவர் அனுப்பிய கடிதமே டார்வினின் கொள்கையும் வெளிவரக் காரணமாயிற்று. அக்கொள்கையின் ஒரு பாதி இந்தக் காடுகளில் பிறந்தது.

சான்று வேண்டுவோர் பத்துமலைக்குச் செல்லட்டும். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படும் அந்தக் குன்று, ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த உயிரிகளின் ஓடுகளால் ஆன சுண்ணாம்புப் பாறை. முருகன் சந்நிதிக்கு ஏறும் 272 படிகளின் அருகே, இருட்டுக் குகையினுள், பத்துமலையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஒரு சிலந்தி வாழ்கிறது. ‘லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்’ என்று 1923இல் அதற்குப் பெயரிடப்பட்டது. மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பான பைபோல் இருக்க, இதன் வயிற்றின் மேல் தட்டுகள் வரிசை வரிசையாக உள்ளன. சிலந்திகளின் மூதாதையர் கண்டங் கண்டமான உடல் கொண்டிருந்தனர் என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி அது. இத்தகைய உடலமைப்புள்ள சிலந்திகளின் புதைபடிவங்கள் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழைமை உடையவை. பட்டுநூலால் கதவமைத்து, வாசலில் நூல்களை விரித்து, அந்நூல் அதிர்ந்தால் இரை வந்தது என்று அறிந்து பாயும். காவடி ஏந்தி வரும் பல இலட்சம் பேரில் இச்சிலந்தியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் படித்தவர் எத்தனை பேர்? முருகனை வணங்குவதற்கு இது தடையன்று. அவன் குன்றில் அவனுக்கு முன்பே குடியிருப்பவரை அறிந்துகொள்வதில் பக்திக்கு என்ன குறைவு?

தேர்வு நெருக்குகிறது, இதற்கெல்லாம் ஏது நேரம் என்று ஆசிரியர் தரப்பில் ஒரு குரல் நெடுங்காலமாக உண்டு. ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தக் குரலுக்கு இனி வலுவில்லை. உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சியின்போது அறிவியல் கற்பிக்கும் முறையைப் பெரும்பாலும் பிறமொழி நூல்கள் வழியாகவே பயில்கிறார். வகுப்பிற்கு வந்து தமிழில் பேசும்போது, இந்த மண்ணின் எடுத்துக்காட்டுடன் கைக்கு உதவும் தமிழ்ப் பக்கம் ஒன்றேனும் அவரிடம் இல்லை. ஆகவே பாடநூலைப் படிக்கச் சொல்கிறார். நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இருமொழித் திட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டும் ஆர்வம், அந்தப் பக்கத்தை எழுதித் தருவதிலும் இருந்திருந்தால், எதிர்ப்புக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

அப்பக்கங்களை எழுத வேண்டியவர் அமைச்சரும் அல்லர், அலுவலரும் அல்லர். தமிழ் எழுத்தாளர். தோட்டத்து அவலத்தைச் சிறுகதையாக எழுதிக் கண்ணீர் வரவழைத்த எழுதுகோல்கள் இங்கு ஏராளம். அக்கதைகளில் பால் வாளி வரும், உளி வரும், கிராணியின் கொடுமை வரும். மெட்ரோலாக் குழாய் ஏன் அமிழ்ந்தது என்பது மட்டும் வராது. அடுத்த தொகுப்பில் பத்து வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க கட்டுரைகள் ஐந்தாவது இருக்கட்டும்: பால் மரத்தின் உள்ளழுத்தம், மாலை நான்கு மணி இடி, பத்துமலைச் சிலந்தி, தகரத்தில் பெய்த மழை, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே உள்ள அந்த ஒரு நிமிடம்.